கேட்காமலே போட்ட கான்கிரீட்டுக்குப் பாதிக் காசு நான் தரணுமா?

பூட்டின வீடு:
மதுரைப் புறநகரில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. அப்பா போனபின் பூட்டியே கிடக்கிறது. நான் இருப்பது கோவையில். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஆறடி சந்து, ஆளுக்கு மூன்றடி, நடுவே கம்பி வேலி. போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணன் வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, 32 அடி நீளத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்துக் கான்கிரீட் போட்டுவிட்டார். என் பக்கத்து முருங்கையும் போய்விட்டது. "கம்பளிப்பூச்சி தாங்கல தம்பி, உங்களுக்கும் நல்லதுதானே" என்றார். இப்போது மொத்தச் செலவு 24,000, உங்கள் பங்கு 12,000 என்று கணக்கெழுதின சீட்டை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். நான் கேட்கவே இல்லை. தரணுமா?

வைகைக்கரை:
பத்துப் பைசா தராதீர்கள். நேராகப் போலீஸில் அத்துமீறல் புகார் கொடுங்கள். இன்றைக்கு சந்து, நாளைக்குத் திண்ணை.

தெருக்கோடி வீடு:
பூட்டின வீட்டுக்குப் பக்கத்தில் ஏழு வருஷமாகக் குடியிருக்கிறேன், அதனால் அந்த அண்ணன் பக்கம் நின்று கேட்கிறேன். கடைசியாக எப்போது அந்தச் சந்தைப் போய்ப் பார்த்தீர்கள்? எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து சாரைப்பாம்பு எங்கள் குளியலறைக்குள் வந்தது. கொசுப்புழு பார்க்க வருகிற மாநகராட்சி ஆட்கள் பூட்டைப் பார்த்துவிட்டு எங்களிடம்தான் கேள்வி கேட்கிறார்கள். கம்பளிப்பூச்சி சுவரில் அப்பிக்கொண்டிருக்கும்போது கோவையில் இருப்பவருக்கு அரிக்காது. போன் பண்ணினால் "அடுத்த மாசம் வரேன்" என்பீர்கள்.

பூட்டின வீடு:
சந்தில் புதர் இருந்தது உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் சுத்தம் செய்வது வேறு, வேலியைப் பிடுங்குவது வேறு இல்லையா?

பழைய குமாஸ்தா:
வக்கீல் ஆபீஸில் முப்பது வருஷம் கட்டுத் தூக்கினவன் என்ற முறையில் சொல்கிறேன். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 70ஆவது பிரிவு. ஒருவர் சட்டத்துக்கு உட்பட்டு இன்னொருவருக்காக ஒரு வேலை செய்கிறார், சும்மா செய்யும் எண்ணம் இல்லை, மற்றவர் பலனை அனுபவிக்கிறார் என்றால் ஈடு கொடுக்கணும். அண்ணனின் வக்கீல் இதைத்தான் பிடிப்பார்.

ஆனால் அந்தப் பிரிவிலேயே உதாரணம் இருக்கிறது. கடைக்காரர் தவறுதலாகச் சரக்கை உங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார், நீங்கள் அதை உங்களுடையதாக எடுத்துக்கொண்டீர்கள் என்றால் காசு கொடுக்கணும். சரக்கை வேண்டாமென்று திருப்பித் தரலாம். தரையில் போட்ட கான்கிரீட்டை எப்படித் திருப்பித் தருவது? 1961இல் உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க அரசு - பி.கே. மண்டல் வழக்கில் இதைத் தெளிவாக்கியது: மற்றவர் தானாக முன்வந்து ஏற்றிருக்கணும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கணும். இங்கே அடுத்தவர் வேலியைப் பிடுங்கிய பிறகு "சட்டத்துக்கு உட்பட்டு" என்ற வார்த்தையே நிற்காது.

போலீஸ் யோசனை வேண்டாம். குற்ற அத்துமீறலுக்குக் கெட்ட எண்ணம் காட்டணும். "உங்களுக்கும் நல்லது" என்பவரிடம் அதைக் காட்டுவது கஷ்டம். இது சிவில் சங்கதி.

தெருக்கோடி வீடு:
சரி ஐயா. வேலை நடக்கும்போது இவருக்குத் தெரியவே தெரியாதா? அதைக் கேளுங்கள்.

பூட்டின வீடு:
மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தில் ஜல்லி கொட்டியிருக்கிற படம் ஒன்று அனுப்பினார். "வேலை ஆரம்பிச்சாச்சு தம்பி." அவர் பக்கத்து வேலை என்று நினைத்துக் கும்பிடு படம் ஒன்று தட்டிவிட்டேன்.

தெருக்கோடி வீடு:
ஹா! பார்த்தீர்களா. இதுதான் சம்மதம்.

வைகைக்கரை:
கும்பிடு போட்டால் சம்மதமா? எங்கள் குடும்ப குரூப்பில் இழவுச் செய்திக்கும் அதேதான் போடுகிறார்கள்.

பழைய குமாஸ்தா:
காசு கேட்பார் என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தால் அது வேறு கதை. அந்தப் படத்தில் காசைப் பற்றி ஒரு வார்த்தை இருந்ததா? இல்லையென்றால் அந்தக் கும்பிடுக்கு 12,000 ரூபாய் எடை கிடையாது. ஆனால் இப்போதாவது "இதற்கு நான் சம்மதிக்கவில்லை" என்று எழுதி அனுப்புங்கள்.

கொத்தனார் மகன்:
எல்லோரும் காசையே பேசுகிறீர்கள். தம்பி, வாட்டம், அதாவது தரைச் சரிவு, எந்தப் பக்கம்? ஆறடிக்கும் ஒரே தளமாகப் போட்டால் தண்ணீர் ஏதாவது ஒரு சுவரைத்தான் தேடிப் போகும். அப்புறம், மழைநீர்க் குழி எங்கே? 2003இலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடத்துக்கும் அது கட்டாயம். எல்லைக்கல் தெரிகிறதா?

பூட்டின வீடு:
அய்யோ. குழி என் பக்கத்தில்தான் இருந்தது, இரண்டடிக்கு இரண்டடி, அப்பா கூழாங்கல் போட்டு மூடியிருந்தார். படத்தில் காணோம். எல்லைக்கல்லும் ஒன்றுதான் தெரிகிறது. சனிக்கிழமை போகிறேன்.

பழைய குமாஸ்தா:
கல்லை விடாதீர்கள். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு வீட்டை வாங்குகிறவனுக்கு ஆறடியும் ஒரே சந்தாகத்தான் தெரியும். சர்வேயர் கட்டணம் கட்டி அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தெருக்கோடி வீடு:
அளப்பதெல்லாம் சரி. ஆனால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், அடுத்த தடவை உங்கள் வீட்டில் திருடன் ஏறும்போது அந்த அண்ணன் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். அதையும் கணக்கில் சேருங்கள்.

பூட்டின வீடு:
போய் வந்துவிட்டேன். வாக்குவாதத்துக்குத் தயாராகப் போனவன், அண்ணி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரைச் சந்தின் நடுவில் ஊற்றினேன். அண்ணனும் பக்கத்தில் நின்றார். தண்ணீர் அவசரமே இல்லாமல் என் சமையலறைச் சுவரடிக்குப் போய்த் தேங்கியது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஏற்கெனவே ஓதம். பெயிண்ட் உப்பிப்போய்த் தொட்டால் உதிர்கிறது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கொத்தனார் வாட்டம் பாக்கலயே" என்றார்.

முடிவானது இது. என் பக்கத்து மூன்றடியை அவர் செலவில் கொத்தி எடுப்பார், குழியைத் திறப்பார். வேலி பழைய இடத்தில், பாதிப் பாதி. புதர் வெட்டின கூலி 2,500ஐ நான் கொடுத்துவிட்டேன். அது என் வேலைதான், தெருக்கோடி சொன்னது சுட்டது. சர்வேயருக்கும் மனு போட்டாச்சு. அண்ணன் முகம் கொஞ்சம் மாறியது, ஆனாலும் போட்டாச்சு.

வைகைக்கரை:
2,500ஐயும் கொடுத்திருக்கக் கூடாது.

தெருக்கோடி வீடு:
முருங்கை?

பூட்டின வீடு:
வெட்டின அடிக்கட்டையில் ஒரு சாண் துளிர் விட்டிருக்கிறது. அண்ணி கீரைக்கு ஆகும் என்கிறார். அண்ணன் அதைப் பார்க்கும் பார்வை சரியில்லை.