டோக்கியோவில் அஞ்சு பேர் சேர்ந்து உட்கார்ற ராமென் கடை சொல்லுங்க

டோக்கியோ மக்களே, ஒரு உதவி. வர்ற சனிக்கிழமை சென்னையிலிருந்து காலேஜ் நண்பர்கள் நாலு பேர் வர்றாங்க. வந்த அன்னிக்கு ராத்திரியே ராமென்தான் (ஜப்பான் சூப் நூடுல்ஸ்) வேணுமாம். அதுல ஒருத்தன் சுத்த சைவம், இன்னொருத்தன் பன்றி தொடமாட்டான்.

போன மாசம் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு ஷின்ஜுகுல பேர்போன ஒரு கடைக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் வரிசை. வாசல்ல சாப்பாடு ஆர்டர் பண்ற டிக்கெட் மெஷின், பட்டன் முழுக்க ஜப்பானியக் கான்ஜி எழுத்து (நம்ம கஞ்சி இல்லைங்க). பின்னாடி கூட்டம் நிக்குதேன்னு பதட்டத்துல எதையோ அமுக்க, எனக்கு வந்தது ஒரு சின்னத் தட்டுல நாலு துண்டு பன்றிக்கறி மட்டும். நூடுல்ஸே இல்லை! உள்ளே கவுண்டர் ஸ்டூல்தான்; மூணு பேரும் மூணு மூலையில உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மேல இருக்கிற கறியை எடுத்துட்டா சைவம்னு யாரும் சொல்லிடாதீங்க. டொன்கொட்சு சூப்பே பன்றி எலும்பை மணிக்கணக்கா கொதிக்க வைச்சது. ஷோயு (சோயா சாஸ்), மிசோ (புளிக்க வைச்ச சோயா விழுது) சூப்புலயும் பெரும்பாலும் எலும்போ கருவாடோ இருக்கும்.

டோக்கியோ ஸ்டேஷன்ல டீஸ் டான்டான்னு ஒரு ராமென் கடை முழு சைவம்னு தெரியும். ஆனா மத்தவங்களுக்குக் கறி வேணுமே! கோழி சூப்பும் சைவ சூப்பும் ரெண்டும் தர்ற, மேஜை போட்ட கடை ஏதாவது இருக்கா? முன்கூட்டியே இடம் சொல்லி வைக்க முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சா நல்லது.