இணைத்து விசாரித்த இரண்டு வழக்கு, இரண்டு அவார்டு: ஒரே நிராகரிப்பு போதுமா? (இல்லினாய், அமெரிக்கா)

கேள்வி:
ஒரே கார் விபத்து. ஓட்டியவர் ஒரு வழக்கும், உடன் வந்தவர் இன்னொன்றும் போட்டிருக்கிறார்கள், எதிர்வாதி ஒருவரே. கோர்ட் இரண்டையும் இணைத்துக் கட்டாய ஆர்பிட்ரேஷனுக்கு (கோர்ட் விசாரணைக்கு முன் நடுவர்கள் கேட்டு முடிவு சொல்வது) அனுப்பியது. ஓட்டியவருக்கு 14,000 டாலர், உடன் வந்தவருக்கு 36,000 டாலர் என்று தனித்தனி அவார்டு (நடுவர்களின் முடிவு). எதிர்வாதி முதல் வழக்கின் எண்ணை மட்டும் போட்டு 200 டாலர் கட்டி அவார்டை நிராகரித்தால், இரண்டுமே கோர்ட் விசாரணைக்குப் போய்விடுமா?

பதில் 1:
அதை நம்பி இருந்துவிடாதீர்கள். மாநில உச்ச நீதிமன்ற விதி 93-இன்படி ஒருவர் நிராகரித்தாலே எல்லாத் தரப்புக்கும் போதும். ஆனால் அது அந்த 'வழக்கின்' எல்லாப் பிரச்சினைகளுக்கும்தான். சிக்கல் அந்தச் சொல்லில் இருக்கிறது. இணைப்பு ஆணையை எடுத்துப் படியுங்கள். இரண்டும் கலந்து ஒரே வழக்காகிவிட்டதா, அல்லது வசதிக்காகச் சேர்த்து விசாரித்தார்களா? இரண்டாவது வகையில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு, தனித் தீர்ப்பு. நிராகரிக்காமல் விட்ட அவார்டின் மேல் தீர்ப்பு கேட்டு, கெடு முடிந்த மறுநாளே மனு வரலாம்.

பதில் 2:
கட்டணத்தையும் கவனியுங்கள். 30,000 டாலர் வரையான அவார்டுக்கு 200. அதைத் தாண்டினால் 500. ஆக 36,000-க்கு 500 கட்ட வேண்டும். கெடு 30 நாள். ஆர்பிட்ரேஷன் ஹியரிங் நடந்த நாளிலிருந்து அல்ல, அவார்டு கோர்ட் கிளார்க்கிடம் தாக்கலான நாளிலிருந்து. இரண்டும் வேறு வேறு நாளில் தாக்கலாகியிருந்தால் கெடுவும் வேறு. நோட்டீஸ், கட்டணம், மற்ற எல்லாத் தரப்புக்கும் அனுப்பியதற்கான சான்று மூன்றும் கெடுவுக்குள் போக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
ஆணையில் 'ஆர்பிட்ரேஷனுக்கும் விசாரணைக்கும் மட்டும்' என்றுதான் இருக்கிறது. எண்களும் தனித்தனியாகவே ஓடுகின்றன.

பதில் 1:
அப்படியானால் இரண்டு நோட்டீஸ், இரண்டு கட்டணம். ஈ-ஃபைலிங்கில் ஒவ்வொரு எண்ணின் கீழும் தனியாகத் தாக்கல் செய்து, இரண்டு பதிவேட்டிலும் ஏறியிருக்கிறதா என்று அன்றே பாருங்கள். ஆணை தெளிவில்லாமல் இருந்தாலும் இதையேதான் செய்யச் சொல்வேன். கூடுதலாகப் போகும் சில நூறு டாலர், 36,000 டாலர் தீர்ப்புக்கு முன் ஒன்றுமே இல்லை.

பதில் 3:
நிராகரிக்கும் உரிமை கையில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஆர்பிட்ரேஷன் ஹியரிங்குக்கு நேரிலோ வக்கீல் மூலமோ வராத தரப்பு அதை இழந்துவிடும் (விதி 91). நேரில் வரச் சொல்லி விதி 237-இன் கீழ் நோட்டீஸ் வந்திருந்தால் வக்கீல் மட்டும் போனது போதாது. நிராகரிக்கத் தடை ஆணை வரலாம். தடை விதிக்கப்பட்டவருக்கு மற்றவரின் நிராகரிப்பும் உதவாது. இதையும் இரண்டு வழக்குக்கும் தனித்தனியே சரிபாருங்கள்: வக்கீல் ஒரே எண்ணில் மட்டும் ஆஜர் பதிவு செய்திருப்பது அடிக்கடி நடக்கும் தவறு.