மறு: ஒருமுறை போல்ட்டா, மீளாப் போல்ட்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. பழைய ஃபோக்ஸ்வாகனை வீட்டிலேயே பார்த்துக்கொள்பவர்களுக்காக நாம் எழுதிவரும் கையேட்டில் கிளட்ச், லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) என்று இரண்டு பகுதிகள் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நிற்கின்றன. போலோ 2010-ல் இங்கே வந்தது, 2022-ல் உற்பத்தி நின்றது. முதலில் வந்த வண்டிகளுக்கு வயதாகிவிட்டது. அடுக்ககத்தின் கீழே ஜாக்கி வைத்து வேலை பார்க்கிறவர்கள் கூடிக்கொண்டேதான் போவார்கள். ஆகவே 'டார்க் டு யீல்டு போல்ட்', அதாவது இறுக்கும்போதே நிரந்தரமாக நீண்டுவிடும்படி வடிவமைத்த போல்ட், என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று இந்த வாரமே முடித்துவிடலாம் என்பது என் எண்ணம். வந்த மடல்களுக்கு வரிசை பார்க்காமல் பதில் சொல்கிறேன்.

> மென்பொருள் தந்தது: முறுக்கு விளைச்சல் போல்ட்

இதற்கு அதிகம் பேச வேண்டாம். போல்ட்டை நட்டு நீர் பாய்ச்சி அறுவடை செய்யப் போவதில்லை. யீல்டு என்றதும் விளைச்சல் என்று போடுவது வேளாண்மைக்குச் சரி. உலோகத்துக்கு அந்தச் சொல்லில் வேறு பொருள்: இழுத்தது பழைய நிலைக்குத் திரும்பாமல் போகும் நிலை.

> நெகிழ் மரையாணி

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிளாஸ்டிக்கை நெகிழி என்று சொல்லிப் பழகிவிட்டோம். நெகிழ் மரையாணி என்று படிக்கிறவர் பிளாஸ்டிக் போல்ட் என்றுதான் நினைப்பார். பம்பருக்கு அடியில் அப்படிப்பட்ட கிளிப்புகள் நிஜமாகவே இருக்கின்றன, குழப்பம் உறுதி. அதோடு நெகிழ்வது என்றால் வளைந்து கொடுத்துத் திரும்பி வருவது என்றுதான் காதில் விழுகிறது. நாம் சொல்ல வருவது அதற்கு நேர் எதிர்.

> ஷெட்டுகளில் 'ஒன் டைம் போல்ட்' என்கிறார்கள். ஒருமுறை போல்ட் என்றே வைத்தால் என்ன? யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

வேளச்சேரி நண்பரின் இந்த யோசனைக்குத்தான் ஆதரவு அதிகம். காரணம் புரிகிறது. வண்டிக்கடியில் படுத்திருப்பவருக்கு வேண்டிய எச்சரிக்கை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆனாலும் எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. ஏனென்று கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஒருமுறைக்கு மேல் போடக்கூடாத போல்ட்டுகள் எல்லாம் ஒரே காரணத்தால் அப்படி ஆகவில்லை. ஃபோக்ஸ்வாகனின் பல எஞ்சின்களில் ஆயில் இறக்கும் பிளக்கை ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்கிறது கையேடு. அதை 30 நியூட்டன் மீட்டருக்குத்தான் இறுக்குகிறோம், அந்த இறுக்கத்தில் உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. பிளக்கோடு சேர்ந்தே வரும் வாஷர் ஒருமுறை நசுங்கிவிட்டால் மறுபடி அடைக்காது, அவ்வளவுதான். மரையில் தொழிற்சாலையிலேயே பசை பூசி வரும் போல்ட்டுகள் உண்டு, கழற்றினால் பசை உடைந்துவிடும். தானே பிடித்துக்கொள்ளும் நட்டுகளும் கழற்றியதும் பிடிப்பை இழந்துவிடுகின்றன. இவை எல்லாமே ஒருமுறைதான். ஆனால் எதுவும் நாம் பேசுகிற வகை இல்லை.

எதிர்ப் பக்கத்திலும் சிக்கல் இருக்கிறது. யீல்டு வரை இழுக்கப்படும் ஹெட் போல்ட்டுகளில் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைப் பிடிப்பவை) சில தயாரிப்பாளர்கள், டொயோட்டா போல, விட்டத்தை அளந்து பார்க்கச் சொல்கிறார்கள். இடுப்பு மெலியாமல் குறித்த அளவுக்கு மேல் இருந்தால் மறுபடி போடலாம். ஆக, யீல்டு என்றாலே ஒருமுறை என்பதும் இல்லை, ஒருமுறை என்றாலே யீல்டு என்பதும் இல்லை. பொருளின் தன்மையையும் அதை என்ன செய்ய வேண்டும் என்ற அறிவுரையையும் ஒரே சொல்லில் கட்டினால், பாகங்கள் வாங்க ஜி.பி. ரோட்டில் போய் நிற்கிறவர் தவறான பொருளைத்தான் கேட்டு வாங்குவார். 'ஒருமுறை' என்ற சொல் கையேட்டில் இருக்கட்டும், பாகங்களின் பட்டியலில் ஒரு குறிப்பாக. பெயராக வேண்டாம்.

சரி, இந்தப் போல்ட்டில் நடப்பதுதான் என்ன? போல்ட்டை இறுக்கும்போது அது மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது, அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நாம் டார்க் ரெஞ்சில் அளப்பது இந்த இழுப்பை அல்ல, கை கொடுக்கும் முறுக்குவிசையைத்தான். அதில் ஏறத்தாழ பாதி போல்ட்டின் தலைக்கடியில் உராய்வாகப் போய்விடுகிறது, இன்னொரு நாற்பது சதவீதத்தை மரை தின்றுவிடுகிறது. பத்தில் ஒரு பங்குதான் இழுப்பாக மாறுகிறது என்பது பட்டறிவில் எல்லோரும் சொல்லும் கணக்கு.

இது சென்னையில் வெறும் ஏட்டுச் செய்தி இல்லை. திருவான்மியூரில் கடற்காற்று வண்டியின் அடிப்பகுதியைத் தின்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் அடியில் போல்ட் தலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துரு ஏறிய மரையில் ரெஞ்ச் 'க்ளிக்' என்று சொல்லிவிடும், ஆனால் பாகங்கள் சரியாகப் பிடித்திருக்காது. அதே மரையில் தாராளமாக ஆயில் விட்டால் எதிர்மாறு: அதே எண்ணுக்கு இழுப்பு எக்கச்சக்கமாக ஏறும். அதனால் கையேடு எண்ணெய் விடச் சொன்னால் மட்டும் விடுங்கள், சொல்லாவிட்டால் மரையைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து உலர்ந்த நிலையிலேயே போடுங்கள்.

இந்த உராய்வுச் சூதாட்டத்தைத் தவிர்க்கத்தான் கோணம் வந்தது. முதலில் ஒரு சிறு முறுக்குவிசை, பாகங்கள் ஒட்டி உட்காருவதற்கு. பிறகு ரெஞ்சின் எண்ணை மறந்துவிட்டு இத்தனை டிகிரி என்று திருப்புவது. ஃபோக்ஸ்வாகனின் பல எஞ்சின்களில் ஃப்ளைவீல் போல்ட்டுக்கு 60 நியூட்டன் மீட்டர், அதன்மேல் 90 டிகிரி. ஜெட்டாவில் வந்த பழைய 1.9 டிடிஐ எஞ்சினின் ஹெட் போல்ட்டுக்கு 40 நியூட்டன் மீட்டர், பிறகு 60 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி. மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்றால் 90 டிகிரி திருப்பும்போது போல்ட் 0.375 மில்லிமீட்டர் முன்னேறுகிறது. உராய்வு என்னவாக இருந்தாலும் இந்தத் தூரம் மாறாது. போல்ட் நீள்வதும் பாகங்கள் அமுங்குவதும் சேர்ந்து இந்தத் தூரத்தை ஏற்றுக்கொள்கின்றன.

(கோணம் அளக்கத் தனிக் கருவி இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். அறுகோணத் தலையில் ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு 60 டிகிரி. 90 என்றால் ஒன்றரை முனை. தலையில் ஒரு கோடு, பக்கத்துப் பாகத்தில் ஒரு கோடு, வீட்டில் கிடக்கும் நெயில் பாலிஷே போதும்.)

இந்தத் திருப்பலில் சில போல்ட்டுகள் மீட்சி எல்லைக்குள்ளேயே, அதாவது விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும் வரம்புக்குள்ளேயே, நின்றுவிடும். சில அதைத் தாண்டிப் போகும். தாண்டிய பிறகு ஒரு வசதி இருக்கிறது: இன்னும் கொஞ்சம் திருப்பினாலும் இழுப்பு பெரிதாக ஏறாது, வரைகோடு படுத்துவிடும். அதனால் பத்து போல்ட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் பிடிக்கும், ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டுக்கு அதுதான் வேண்டும். அதற்குக் கொடுக்கும் விலை, போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடுகிறது. கழற்றினாலும் பழைய நீளத்துக்கு வராது, துவைத்துத் துவைத்துத் தொளதொளத்த பனியன் கழுத்து மாதிரி. மறுபடி அதே கோணத்துக்குத் திருப்பினால் இன்னும் நீள்வதற்கு அதனிடம் மிச்சம் குறைவு. அந்தத் திருப்பலிலேயே முறியலாம், அல்லது ஓடும்போது முறியலாம்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் வருகின்றன, நம் இழையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். கோணம் பார்த்து இறுக்குவது ஒரு செய்முறை. மீட்சி எல்லையைத் தாண்டுவது வேறொரு நிலை. முதலாவது எப்போதும் இரண்டாவதில் முடிவதில்லை. ஆகவே ஒரே சொல் போதாது. முதலாவதற்குக் 'கோண இறுக்கம்' என்று வைக்கலாம். 'கோண முடுக்கம்' என்று அண்ணாநகர் நண்பர் எழுதியிருந்தார். சைக்கிள் கடையில் திருகை முடுக்குவது நல்ல தமிழ்தான், நானும் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் இயற்பியல் பாடத்தில் கோண முடுக்கம் வேறொன்றாக உட்கார்ந்துவிட்டது. பதினோராம் வகுப்புப் பிள்ளை நம் கையேட்டைப் படித்தால் சக்கரம் சுழலும் கணக்கு என்று நினைக்கும்.

இரண்டாவதற்கு என் யோசனை 'மீளாநிலை'. யீல்டு என்ற நிலைக்கு அதுவே பெயர். யீல்டு ஸ்ட்ரெஸ் மீளாநிலைத் தகைவு. அந்த நிலைக்குக் கொண்டுபோகும்படி வடிவமைத்த போல்ட் 'மீளா மரையாணி', பேச்சில் மீளாப் போல்ட். மீட்சி எல்லை, தகைவு (ஸ்ட்ரெஸ்), திரிபு (ஸ்ட்ரெய்ன்) என்று பள்ளியில் படித்தவர்கள்தான் நம் வாசகர்களில் பெரும்பாலோர். மீட்சி தெரிந்தவருக்கு மீளா என்பது தானே விளங்கும். நுட்பமாகப் பார்த்தால் மீட்சி எல்லையும் யீல்டும் ஒரே புள்ளி இல்லை. 0.2 சதவீதம் நிரந்தரத் திரிபு மிஞ்சும் இடத்தையே பொறியாளர்கள் வழக்கமாக யீல்டு என்று கொள்கிறார்கள். அதனால்தான் 'எல்லை' என்று போடாமல் 'நிலை' என்று போட்டேன்.

> மீளா என்றால் 'மீளாத் துயரில் வாடும் குடும்பத்தார்' ஞாபகம் வருகிறது. கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி வாசனை.

ஐயா, வந்தால் நல்லதுதான். கழற்றிய ஹெட் போல்ட்டைப் பார்த்ததும் அந்தச் சுவரொட்டி ஞாபகம் வந்து, அதை டப்பாவில் எடுத்து வைக்காமல் பழைய இரும்புக்காரரிடம் போட்டால் எனக்கு மகிழ்ச்சி. மீளாக் கடன் என்று யாராவது சொன்னால் திரும்பாத பணம் என்று எல்லோருக்கும் புரிகிறதல்லவா.

> ஒரே சொல்லாகச் சுருக்கி மீளாணி என்று வைக்கலாமே, மரையாணி போல.

சுருக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனால் மீளா, ஆணி இரண்டும் சேர்ந்தால் மீளாவாணி என்றுதான் வரும், அது ஏதோ பாடகியின் பெயர் போல ஒலிக்கிறது. இரண்டு சொல்லாகவே இருக்கட்டும்.

புதிதாக ஒரு சொல் வந்தால் அது வேறு இடத்திலும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நல்ல இடம் போல்ட்டின் தலையே. 8.8, 10.9 என்று அதில் அச்சிட்டிருப்பதைப் பலரும் அளவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவலிமை (முறியும் முன் தாங்கும் உச்ச இழுப்பு), மெகாபாஸ்கலில். புள்ளிக்குப் பின் உள்ளது, அதில் எத்தனை பத்திலொரு பங்கில் யீல்டு வருகிறது என்பது. 10.9 என்றால் 1000 மெகாபாஸ்கல் இழுவலிமை, 900-ல் மீளாநிலை. 8.8 என்றால் 800, 640. 'இந்த போல்ட் 640 மெகாபாஸ்கலில் மீளாநிலைக்குப் போகும்' என்று எழுதிப் பார்த்தேன், படிக்கத் தடையில்லை. விளைச்சலையோ ஒருமுறையையோ அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், நிற்காது. புதுப்பேட்டையில் பழைய சாமான் பொறுக்குகிறவர்களுக்கும் இந்த வரி உதவும்: 10.9 இருந்த இடத்தில் மரை பொருந்துகிறதே என்று 8.8-ஐப் போட்டுக் கோண இறுக்கம் செய்தால், அது சீக்கிரமே மீளாநிலைக்குப் போய்விடும்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். இந்தக் கையேட்டைப் படித்துவிட்டு எல்லாப் போல்ட்டையும் கண்டு பயப்படத் தொடங்கிவிடக்கூடாது. சக்கரத்தின் போல்ட்டுகள் இந்த வகை இல்லை. போலோவில் அவற்றுக்கு 120 நியூட்டன் மீட்டர், கோணம் கிடையாது, மரையும் உட்காரும் முகமும் நன்றாக இருக்கும்வரை திரும்பத் திரும்பப் போடலாம். பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினால் வீட்டுக்கு வந்ததும் தளர்த்திவிட்டு டார்க் ரெஞ்சில் மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள்.

மரையாணியா போல்ட்டா என்ற பழைய சண்டையை இங்கே மறுபடி திறக்க வேண்டாம். சொற்பட்டியலில் மரையாணி, செய்முறைப் பக்கங்களில் போல்ட் என்று போன இழையிலேயே ஒத்துக்கொண்டோம். அதன்படி பட்டியலில் சேர்க்க நான் எழுதியிருக்கும் பதிவு இது:

மீளா மரையாணி: இறுக்கும்போது மீளாநிலையைத் தாண்டி நிரந்தரமாக நீளும்படி வடிவமைத்த போல்ட். பெரும்பாலும் கோண இறுக்கத்தில் பொருத்தப்படுவது. கழற்றினால் புதியது போட வேண்டும், தயாரிப்பாளர் அளவு பார்த்து அனுமதித்தால் தவிர.

தயாரிப்பாளர் பற்றிய கடைசி வாக்கியம் தேவையா என்று எனக்கே இரண்டு மனம். ஃபோக்ஸ்வாகன் கையேட்டில் அதற்கு வேலையில்லை, ஆனால் பட்டியலை மற்ற வண்டிக்காரர்களும் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் கிளட்ச் பகுதியில் இந்தச் சொல்லை ஏற்றிவிடுகிறேன். லோயர் ஆர்ம் பகுதிக்கு இன்னொன்று பாக்கி: ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் இறுக்க வேண்டும் என்பதை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது? 'நிற்கும் உயரம்' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

அன்புடன்,
திருவான்மியூரிலிருந்து