குர்குமின் ஏற்றிய திடக் கொழுப்பு நானோ துகள்கள்: இரண்டு ஐயங்கள்

கேள்வி (மருந்தாக்கவியல் முதுநிலை மாணவி):
வணக்கம். ஆய்வேட்டுக்காக, உருக்கிய கிளிசரைல் மோனோஸ்டியரேட் என்ற திடக் கொழுப்பில், மஞ்சளிலுள்ள குர்குமினைக் கரைத்து, துகள்கள் ஒட்டாமல் காக்கும் போலாக்சமர் 188 கலந்த சூடான நீரில் குழம்பாக்கி, உயர் அழுத்தத்தில் செலுத்தித் துகள்களாக்கி வருகிறேன். முதல் நாள் சராசரி அளவு 180 நானோமீட்டர். மூன்றாம் வாரத்தில் குப்பியின் அடியில் மெல்லிய மஞ்சள் வளையம் படிந்திருக்கிறது, குலுக்கினாலும் கலையவில்லை. மேலும், இத்துகள்கள் உடையாமல் குடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேரும் என்று நான் எழுதியதை என் வழிகாட்டி ஏற்கவில்லை. அனுபவமுள்ளோர் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

பதில் 1:
அந்த வளையம் பெரும்பாலும் துகளிலிருந்து வெளியேறிய குர்குமின்தான். உருகிய கொழுப்பு விரைந்து குளிரும்போது ஒழுங்கற்ற ஆல்பா படிகமாக உறைவதால் மருந்துக்கு இடம் கிடைக்கிறது. நாள்பட அது நெருக்கமாக அடுக்கப்பட்ட பீட்டா படிகமாக மாற, மருந்து வெளியே தள்ளப்படுகிறது. கொழுப்பில் நான்கில் ஒரு பங்கை ஒலீயிக் அமிலம் போன்ற திரவக் கொழுப்பாக மாற்றிப் பாருங்கள்.

பதில் 2:
உங்கள் வழிகாட்டி சொன்னது சரி. சிறுகுடலில் கணைய லிபேஸ் என்ற நொதி இக்கொழுப்பைச் சிதைக்க, கொழுப்பு அமிலங்களும் பித்த உப்புகளும் சேர்ந்த மிசெல்கள் எனும் மிகச்சிறு திரள்களில் மருந்து கரைந்த நிலையிலேயே குடல் செல்லை அடைகிறது. முழுத் துகளாகக் கடப்பது மிகச் சொற்பம். நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் செல்லுக்குள் மீண்டும் டிரைகிளிசரைடாகி, கொழுப்பைச் சுமக்கும் கைலோமைக்ரான் துகள்களில் ஏறி நிணநீர் வழியே செல்வதால், அவற்றோடு பயணிக்கும் மருந்து முதல் சுற்றில் கல்லீரலைத் தவிர்க்கிறது. ஆனால் இவ்வழி, மிகுந்த கொழுப்பு நாட்டமுள்ள மருந்துகளுக்கே பெரிதும் உதவும். குர்குமின் அவ்வளவு கொழுப்பு நாட்டம் கொண்டதன்று. குடல் சுவரிலேயே அதனுடன் குளுக்குரோனிக் அமிலம் இணைக்கப்பட்டு, எளிதில் வெளியேறும் குளுக்குரோனைடாக மாறுகிறது, அதை நிணநீர்ப் பாதை தடுக்காது. 1998இல் பெங்களூருவில் நடந்த ஆய்வில் 2 கிராம் குர்குமினுடன் மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது மனிதர்களில் உறிஞ்சுதல் பல மடங்கு உயர்ந்ததற்கு, இந்த வளர்சிதை மாற்றம் தடுக்கப்பட்டதே காரணமாகச் சொல்லப்படுகிறது.

கொழுப்பு ஊடகம் பலனளித்ததற்குச் சிறந்த சான்று, நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தான சைக்ளோஸ்போரின். பழைய எண்ணெய்க் கரைசலின் உறிஞ்சுதல் பித்தத்தையும் உணவையும் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறியது. 1990களில் வந்த நுண்குழம்பு வடிவம், நீரில் பட்டதும் மிகச்சிறு துளிகளாகப் பிரிந்து அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைத்தது.

எனவே ஒப்பீட்டில் கவனம் தேவை. நீரில் கலக்கிய குர்குமினோடு மட்டும் ஒப்பிட்டால், பலன் துகளாலா, கொழுப்பாலா என்று பிரித்தறிய முடியாது; அதே கொழுப்பில் வெறுமனே கரைத்த குர்குமினையும் ஒரு குழு எலிகளுக்குக் கொடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வளையத்தில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தபோது ஊசி போன்ற மஞ்சள் படிகங்கள் தெரிந்தன. ஒலீயிக் அமிலம் சேர்த்த புதிய தொகுதியை இவ்வாரம் தயாரிக்கிறேன். எலிகளுக்குக் கொடுப்பதற்கு முன் லிபேஸ் செரிமானச் சோதனையைச் செய்வது போதுமா?

பதில் 2:
அதை முதலில் செய்யுங்கள். வெளிவரும் கொழுப்பு அமிலத்தைச் சமன்செய்ய எவ்வளவு சோடியம் ஹைட்ராக்சைடு செலவாகிறது என்று நிமிடவாரியாகக் குறித்து, இறுதியில் மையவிலக்கில் சுழற்றி, குர்குமின் எவ்வளவு நீர்ப் பகுதியில் கரைந்து நிற்கிறது, எவ்வளவு அடியில் படிகிறது என்று அளந்துகொள்ளுங்கள். போலாக்சமர் லிபேஸைத் தாமதப்படுத்துவதையும் அதே சோதனையில் காணலாம்.