மொத்தம் 1200 இருந்தும் பெடல் அணைந்தது: பவர் சப்ளை அனுபவங்கள்

தூத்துக்குடி, சர்ச் கிட்டார்

போன கிறிஸ்மஸ் ராத்திரி ஆராதனை. இரண்டாவது பாட்டில் என் கிட்டார் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் டிலே பெடலின் (கிட்டார் சத்தத்தை எதிரொலி போலத் திருப்பித் தரும், காலால் மிதிக்கும் பெட்டி) திரை இருட்டு. இரண்டு மூன்று நொடியில் தானாக விளக்கு வந்தது, சத்தமும் வந்தது. அடுத்த சரணத்துக்குள் மறுபடி போயிற்று. கீபோர்டு வாசிக்கும் அக்கா என்னையே பார்க்கிறார். நான் பெடல்களை இணைக்கும் பேட்ச் கேபிளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் பெடல்களை அடுக்கிய போர்டை ஓரம் தள்ளிவிட்டு, கிட்டாரை நேராக, மிக்சருக்குப் போகும் டிஐ பாக்ஸில் கொடுத்து ஆராதனையை முடித்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டபின் போர்டைக் கவிழ்த்துப் போட்டு, மொபைல் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் படித்தேன். என் டிலே, பாஸ் டிடி-200. அதற்கு 9 வோல்ட்டில் 225 மில்லிஆம்ப் கரண்ட் வேண்டும். எல்லா பெடலுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையின் அட்டைப்பெட்டியில் 'மொத்தம் 1200 மில்லிஆம்ப்' என்று கொட்டை எழுத்தில் இருந்ததால், எல்லா பெடலையும் கூட்டிப் பார்த்து, பாதிகூட வரவில்லையே என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன். ஆனால் சப்ளையின் பின்பக்கம் ஒவ்வொரு போர்ட்டுக்கு (பெடல் கேபிள் செருகும் துளை) கீழேயும் கடுகளவு எழுத்தில் தனித்தனி எண் இருக்கிறது. ஆறு போர்ட்டுக்குத் தலா 100. கடைசி இரண்டுக்கு மட்டும் 300. அந்த 300 இரண்டிலும் நான் செருகியிருந்தது, குறைந்த கரண்ட்டே போதுமான ட்யூனரையும் ஓவர்டிரைவையும். கேபிள் அங்கேதான் எட்டியது, வேறு காரணம் இல்லை. டிலே இருந்தது 100-ல்.

அப்படியானால் வீட்டில் மூன்று வாரம் எப்படி ஓடியது? வீட்டில் நான் அரை மணி நேரம் வாசித்தாலே அதிகம். அன்றைக்கு சவுண்ட் செக்கிலிருந்தே போர்டை அணைக்கவில்லை. சப்ளையைத் தொட்டபோது நன்றாகச் சுட்டது. 100 என்று போட்ட போர்ட் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கொடுத்துச் சமாளித்திருக்கிறது. சூடேறியதும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் கரண்ட்டை நிறுத்தி, ஆறியதும் மறுபடி விட்டிருக்கிறது. டிலேயை பஃபர்டு பைபாஸில் (பெடல் ஆஃபில் இருந்தாலும் சத்தம் அதன் சர்க்யூட் வழியாகவே போகும் முறை) வைத்திருந்ததால், அது அணைந்ததும் கிட்டார் சத்தம் கடந்து போகவும் வழியில்லை.

இரண்டு கேபிளை இடம் மாற்றிச் செருகினேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூட அணையவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். புதிதாக போர்டு கட்டும் தம்பிகளுக்கு உதவும்.

கோவை

பிரதர், நான் இதற்கு நேர் எதிர். என் சப்ளையில் ஒரு 500 போர்ட் உண்டு. என்னிடம் இருப்பதெல்லாம் பழைய அனலாக் பெடல்கள், பத்து, இருபது மில்லிஆம்ப் இழுப்பவை. 500-ல் போட்டால் பெடல் எரிந்துவிடும் என்று பயந்து இரண்டு வருஷம் அதைக் காலியாகவே விட்டிருந்தேன். அப்பா எலக்ட்ரீஷியன். ஒரு நாள் இதைச் சொன்னேன். "ஏசிக்கு இழுத்த 15 ஆம்ப் பாயிண்ட்டில் உன் போன் சார்ஜரைப் போடுகிறாயே, போன் எரிந்தா போயிற்று?" என்று கேட்டார். அன்றோடு தெளிந்தது. ஆம்ப் என்பது பெடல் கேட்டு வாங்குவது, சப்ளை திணிப்பதில்லை. வோல்ட்டும் பிளஸ் மைனஸ் பக்கமும் சரியாக இருக்க வேண்டும். 9 வோல்ட் பெடலுக்கு 18 கொடுத்தால் ஆபத்து.

மதுரை, மெல்லிசைக் குழு

எனக்கு மில்லிஆம்ப் தாராளமாகவே இருந்தது. ட்ரூடோனின் ஒன் ஸ்பாட் அடாப்டர், 1700 மில்லிஆம்ப். அதிலிருந்து டெய்சி செயினில் (ஒரே கம்பியில் வரிசையாகப் பல பின்கள் உள்ள கேபிள்) ஆறு பெடல். எல்லாம் கூட்டினாலும் 400 வராது. ஆனால் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால் போதும், காதருகே கொசு பறப்பது போல மெல்லிய 'ங்கீ' சத்தம். கல்யாண ரிசப்ஷன் மேடையில் இது கேட்டதும் சவுண்ட் அண்ணன் கிட்டாரைக் குறை சொன்னார், நான் ஜெனரேட்டரைக் குறை சொன்னேன். வீட்டுக்கு வந்து ஈபி கரண்ட்டில் போட்டாலும் அதே சத்தம்.

ஒவ்வொரு பெடலாகப் பிடுங்கிப் பார்த்தேன். டிஜிட்டல் டிலேயின் பவரைப் பிடுங்கியதும் கொசு போய்விட்டது. அதே டிலேக்குத் தனியாக ஒரு அடாப்டர் கொடுத்தேன், அப்போதும் சத்தம் இல்லை. டிஜிட்டல் பெடலுக்குள் ஓடும் கிளாக்கின் (வேகமாகத் துடிக்கும் சர்க்யூட்) இரைச்சல், எல்லோருக்கும் பொதுவான பவர் கம்பியிலும் கிரவுண்டிலும் ஏறி டிஸ்டார்ஷனுக்குள் வந்துவிடுகிறது. டிஸ்டார்ஷன் எதையும் பலமடங்கு பெருக்குவதற்கென்றே இருக்கும் பெடல், இதையும் பெருக்குகிறது. ஆக, கரண்ட் போதுமா என்பது ஒரு கேள்வி, ஒவ்வொரு போர்ட்டும் ஐசோலேட்டடா, அதாவது மற்ற போர்ட்டோடு மின்தொடர்பில்லாமல் தனியாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

வாங்கும்போது பெட்டியில் 'ஐசோலேட்டட்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். நான் அப்படி நம்பி வாங்கிய ஒன்று ஐசோலேட்டடே இல்லை. சோதிப்பது எளிது. சப்ளையைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இரண்டு போர்ட்டில் கேபிளைச் செருகி, மல்டிமீட்டரை 'பீப்' சோதனையில் வைத்து, மறுமுனையில் இருக்கும் பின்களின் நடுத் துளைக்குள் மீட்டரின் இரண்டு முனையையும் வையுங்கள். கிட்டார் பெடல் பெரும்பாலும் நடுவில் நெகட்டிவ், அதுதான் கிரவுண்ட். மீட்டர் 'பீப்' அடித்தால் கிரவுண்ட் பொது, அதாவது ஐசோலேஷன் இல்லை.

சென்னை

மதுரை அண்ணன் சொன்ன டெய்சி செயினில் இன்னொரு வில்லங்கம் உண்டு. சத்தத்தைக் கரகரப்பாக்கும் பழைய ஃபஸ் ஃபேஸ் பெடலை அச்சாக அப்படியே கட்டிய ஒரு ஜெர்மேனியம் ஃபஸ் ஆசைப்பட்டு வாங்கினேன். 1966-ல் லண்டனில் வந்த அந்த வடிவத்தில் பிஎன்பி டிரான்சிஸ்டர், அதனால் கிரவுண்ட் பாசிட்டிவ் பக்கம். மற்ற பெடல்களோடு ஒரே செயினில் சேர்த்தேன். பேட்ச் கேபிளை மாட்டிய அந்த நொடியில் போர்டில் இருந்த எல்லா விளக்கும் அணைந்தது. இதன் கிரவுண்ட் பிளஸ், அவற்றின் கிரவுண்ட் மைனஸ், இரண்டையும் கேபிளின் உறை சேர்த்துவிடுகிறது. நேராக ஷார்ட். நல்லவேளை, அடாப்டரில் பாதுகாப்பு இருந்ததால் பிழைத்தது. இப்போது ஃபஸ்ஸுக்கு 9 வோல்ட் பேட்டரி மட்டும்தான். அது இழுப்பது சொற்பம், பேட்டரி மாதக்கணக்கில் வருகிறது. வாசித்ததும் இன்புட் ஜாக்கைப் பிடுங்க மறக்கக் கூடாது, செருகியே இருந்தால் பேட்டரி தீரும்.

திருச்சி

மச்சான் நியூ ஜெர்சியிலிருந்து பாசமாக வாங்கி வந்த சப்ளை. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், 120 வோல்ட்டுக்கு மட்டும். நம் ஊர் 230-ல் போட்டேன். ஒரு உறுமல், அப்புறம் வார்னிஷ் கருகும் வாசனை. இப்போது எதை வாங்கினாலும் '100–240' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் சுவர் பக்கமே போகிறேன்.

தூத்துக்குடி, சர்ச் கிட்டார்

எல்லோருக்கும் நன்றி. மதுரை அண்ணன் சொன்ன சோதனையைச் செய்தேன், பீப் வரவில்லை, மகிழ்ச்சி. மீட்டர் கையில் இருந்ததால் இன்னொன்றும் செய்தேன். ஒரு பழைய டிசி கேபிளை எடுத்து, ஒரு கம்பியை மட்டும் வெட்டி, இரண்டு முனையையும் மீட்டரோடு தொடராக இணைத்தேன். சிவப்பு வயரை 10 ஆம்ப் துளையில் போட வேண்டும். மற்ற துளையில் போட்டு எண் எகிறினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ஓவர்டிரைவ் 0.01 காட்டியது. டிலே அச்சிட்ட எண்ணுக்குக் கீழேதான் நின்றது, ஆனால் 0.10-ஐத் தாண்டித்தான். எண்களைச் சிறு தாளில் எழுதி போர்டின் அடியில் ஒட்டிவிட்டேன்.

நாகர்கோவில்

அண்ணே, ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை ரிவெர்ப் (பெரிய மண்டபத்தில் வாசிப்பது போல முழங்க வைக்கும் பெடல்) வாங்கப் போகிறேன். 300 மில்லிஆம்ப் கேட்கிறது. என் சப்ளையில் எல்லா போர்ட்டும் 100-தான். இரண்டு போர்ட்டைச் சேர்க்கும் ஒய் கேபிள் ஒன்று விற்கிறார்களே, அது போதுமா?

தூத்துக்குடி, சர்ச் கிட்டார்

போதாது தம்பி. இரண்டு 100 சேர்ந்தால் 200தான். அதுவும் போர்ட்டுகள் ஐசோலேட்டடாக இருந்து, சப்ளையின் கையேட்டில் அப்படிச் சேர்க்கலாம் என்று சொல்லியிருந்தால் மட்டும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இன்னொரு ஒய் கேபிளும் உண்டு, அது கரண்ட்டைக் கூட்டாது, வோல்ட்டைக் கூட்டி 18 ஆக்கும். ரிவெர்ப்புக்குத் தனி அடாப்டரையே வைத்துக்கொள். இல்லையென்றால் 300-க்கு மேல் கொடுக்கும் போர்ட் உள்ள சப்ளைக்கு மாறு. எந்தக் கேபிளானாலும் பின்னை மீட்டரில் வைத்துப் பார்த்து, 9-ஐ ஒட்டிக் காட்டினால் மட்டும் பெடலில் செருகு.