பத்து தடவை வாசிச்சா பாஸாம், யார் சொன்னது?

மூணாம்பெஞ்ச்:
காலையிலேயே கடுப்பு. நேத்து வேற ஒரு இழையில ஒருத்தர் எழுதியிருக்கார், "பள்ளி இறுதித் தேர்வுல தேறாத பசங்களுக்கு ஒரே மருந்துதான், ஒவ்வொரு பாடத்தையும் பத்து தடவை வாசிக்க வைங்க, தானா மண்டையில ஏறும்"னு. அதுக்கு லைக் வேற குவியுது. ஒருதடவை ஃபெயிலான பசங்களுக்கு சாயந்திரம் கிளாஸ் எடுக்கறவன் நான். அவனுங்க புக்கை திறந்தா பக்கம் பக்கமா மஞ்சள் பூசி வச்சிருப்பானுங்க, ஹைலைட்டர் தீர்ந்துபோற அளவுக்கு. வாசிக்கலன்னு சொல்லவே முடியாது. புக்கை மூடி வச்சுட்டு ரெண்டு வரி எழுதுடான்னா பேனா நகராது.

2006ல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க இதை சோதிச்சே பாத்துட்டாங்க. ஒரு குரூப் திரும்ப திரும்ப வாசிச்சுது, சராசரியா 14 தடவை. இன்னொரு குரூப் மூணு நாலு தடவை வாசிச்சுட்டு, பாக்காம ஞாபகத்துலேந்து மூணு தடவை எழுதிப் பாத்துது. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா வாசிச்ச குரூப் 83 சதவீதம், எழுதிப்பாத்த குரூப் 71. ஒரு வாரம் கழிச்சு வச்சா அப்படியே தலைகீழ், வாசிச்சவங்க 40, எழுதிப்பாத்தவங்க 61. பத்து தடவை என்ன, பதினாலு தடவை வாசிச்சும் கதை இதுதான்.

சாக்பீஸ்தூசி:
அந்த "ஒருத்தர்" நான்தான் தம்பி. பேரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், எனக்கொண்ணும் வருத்தமில்ல. 26 வருஷம் போர்டு முன்னாடி நின்னவன். நீங்க குடுத்த கணக்கையே எடுத்துக்கறேன். 83 யாருக்கு வந்துது? வாசிச்சவனுக்கு. 71 யாருக்கு? உங்காளுக்கு. 83 பெருசா 71 பெருசா? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

மூணாம்பெஞ்ச்:
சார், அது அஞ்சு நிமிஷம் கழிச்சு. அடுத்த வரியையும் வாசிங்க. பத்து தடவை வேண்டாம், ஒரு தடவை போதும்.

அரைத்தூக்கம்:
ஹாஹாஹா முதல் ரவுண்டு பெஞ்சுக்கு

கணக்குப்பிசாசு:
சண்டைக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன். "தேறாத பையன்"னா யாரை சொல்றீங்க? வரி கூட்டி வாசிக்கவே திணறுறவனா, வாசிச்சு மறந்துபோறவனா, பாதி நாள் பள்ளிக்கே வராதவனா, இல்ல எல்லாம் தெரிஞ்சும் ஹால்ல போய் கை நடுங்கறவனா? நாலு பேருக்கும் ஒரே வைத்தியமா?

சாக்பீஸ்தூசி:
தம்பி மூணாம்பெஞ்ச், நக்கல் நல்லா வருது, பாடம் நடத்தறதும் அப்படி வந்தா சரி. அடுத்த வரியும் வாசிச்சேன். அந்த சோதனையில உக்காந்தவங்க யாரு? காலேஜ் பசங்க. வாசிச்சதும் பாடபுத்தகம் இல்ல, கடல் நீர்நாயைப் பத்தியும் சூரியனைப் பத்தியும் சின்ன சின்ன பத்தி. காலேஜ் வரைக்கும் வந்தவன் ஏற்கனவே தேறினவன். அவனுக்கு மூணு தடவை வாசிச்சாலே உள்ள ஏதாவது தங்கும், அதை வெளிய எடுக்கலாம். எங்கிட்ட வர்ற பையனுக்கு உள்ள ஒண்ணுமே கிடையாது, புக்கை மூடிட்டு எழுதுன்னா எதை எழுதுவான், அவன் தலையெழுத்தையா? காலிப் பானையை எவ்வளவு சாய்ச்சாலும் காத்துதான் வரும். முதல்ல ரொப்பணும். ரொப்பறதுக்கு பேர்தான் வாசிப்பு. அதனாலதான் திரும்பவும் சொல்றேன், 83.

ரெண்டுபிள்ளைக்காரி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் பெரியவன் போன வருஷம் கணக்குல போயிட்டான். நான் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன் சார், தீர்த்து வச்ச கணக்கை எல்லாம் தினமும் வாசிப்பான், எல்லாம் புரிஞ்சிடுச்சும்மான்னு சொல்லுவான், அவன் பொய் சொல்லல, வாசிக்கும்போது நிஜமாவே புரிஞ்சிருக்கு. ஹால்ல வெள்ளைப் பேப்பரை பாத்ததும் முதல் வரி எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியலயாம். இப்ப அதே கணக்கை விடையை மறைச்சுட்டு போட வைக்கறோம். அழுதுகிட்டேதான் போடறான். ஆனா போடறான்.

மூணாம்பெஞ்ச்:
அக்கா சொன்னதுதான் விஷயமே. அதே ஆராய்ச்சியில, ஒரு வாரம் கழிச்சு உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்னு முன்கூட்டியே கேட்டாங்க. நிறைய இருக்கும்னு தைரியமா சொன்னது வாசிச்ச குரூப்தான். கண்ணுக்குப் பழகினதை தெரிஞ்சதா நினைச்சுக்கறது. "காலேஜ் பசங்க"ன்னு சார் பிடிச்சுகிட்டு தொங்கறாரே, 2011ல மெக்டேனியல், அகர்வால் குழு எட்டாம் வகுப்பு அறிவியல் கிளாஸ்லயே செஞ்சு பாத்தாச்சு. மார்க் பயம் இல்லாத குட்டி குட்டி க்விஸ். க்விஸ் வச்ச பகுதியில பசங்க நல்லாவே செஞ்சாங்க. நிஜ பள்ளிக்கூடம், நிஜ பாடம், நீர்நாய் இல்ல.

சாக்பீஸ்தூசி:
க்விஸ்னா விடை நாலு குடுத்து ஒண்ணை டிக் அடிக்கறது. நான் கேட்டது வெள்ளைப் பேப்பர். பேச்சை மாத்தாதீங்க. 83க்கு பதில் வரல இன்னும்.

அரைத்தூக்கம்:
யாராவது அந்த 83ஐ ஃப்ரேம் போட்டு சார் வீட்டுல மாட்டுங்கப்பா

சாக்பீஸ்தூசி:
அரைத்தூக்கம், உங்களை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கால்குலேட்டர் வேணுமா வேண்டாமான்னு நடந்த விவாதத்துலயும் இப்படித்தான் ஓரமா நின்னு சிரிச்சீங்க, கடைசியில பின்னக் கணக்கு ஒண்ணு கேட்டதும் ஆளைக் காணோம்.

அரைத்தூக்கம்:
சார் அன்னிக்கு நிஜமாவே தூங்கிட்டேன்

அது சரி, தூக்கம்னு வந்ததால சொல்றேன், ராத்திரி பூரா முழிச்சு படிக்க வைக்கற பெத்தவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. படிச்சது நல்லா தங்கணும்னா தூக்கமும் வேணும். பேரைப் பாத்து சிரிக்காதீங்க, இது சீரியஸ்.

கணக்குப்பிசாசு:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. வாசிக்கவே திணறுறவனுக்கு ரெண்டு பேர் மருந்தும் வேலை செய்யாதுன்னு நினைக்கறேன். கார்ப்பிக்கே 2014ல ஆரம்பப் பள்ளிப் பிள்ளைங்களை வச்சு செஞ்சதுல, வெறும் வெள்ளைத்தாளைக் குடுத்து ஞாபகம் இருக்கறதை எழுதுன்னப்ப பெருசா ஒண்ணும் வரல, பாதி நிரப்பின படம், குறிப்புன்னு கைப்பிடிச்சு விட்டாதான் பலன் இருந்துது. அதனால...

சாக்பீஸ்தூசி:
பாத்தீங்களா! பாத்தீங்களா! இதைத்தான் காலையிலேந்து கத்தறேன். அவங்க ஆளே ஒத்துகிட்டாச்சு. காலிப் பானை!

கணக்குப்பிசாசு:
சார் நான் முடிக்கவே இல்ல. அவங்க சொன்னது "கைப்பிடிச்சு விடு"ங்கறது, "பத்து தடவை வாசி"ங்கறது இல்ல.

சாக்பீஸ்தூசி:
முடிச்சா என்ன முடிக்காட்டி என்ன, வெள்ளைத்தாள் வேலை செய்யலங்கறது வந்தாச்சு இல்ல. அது போதும். என் சர்வீஸ்ல நடந்தது சொல்றேன் கேளுங்க, தேறவே மாட்டான்னு எல்லாரும் கைகழுவின ஒரு பையன், நான் தினமும் காலையில ஒருமணி நேரம் பக்கத்துல உக்கார வச்சு சத்தமா வாசிக்க வைப்பேன், தப்பா வாசிச்சா நிறுத்தி என்னடா புரிஞ்சுதுன்னு கேப்பேன், சொல்லுவான், சொல்லலன்னா திரும்ப அதே பத்தி, அப்புறம் மறுநாள் நேத்து என்ன வாசிச்சோம்னு கேட்டுட்டுதான் அடுத்த பக்கம், இப்படியே ஆறு மாசம். பாஸானான். எந்த ஆராய்ச்சிக்காரனும் வந்து எனக்குச் சொல்லித்தரல. பத்து தடவை வாசிப்புதான் காப்பாத்துச்சு.

மூணாம்பெஞ்ச்:
சார்... "என்னடா புரிஞ்சுது", "நேத்து என்ன வாசிச்சோம்"னு கேட்டீங்களே, அதுக்கு பேர்தான் சார் ஞாபகத்துலேந்து எடுக்க வைக்கறது. மறுநாள் கேட்டதும் அதேதான், ஞாபகத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ண எபிங்ஹாஸ்ங்கற ஜெர்மன்காரர் 1885லயே எழுதி வச்சுட்டுப் போன விஷயம், ஒரே மூச்சா படிக்கறதை விட இடைவெளி விட்டுப் படிச்சா நிக்கும்னு. நான் சொன்னதைத்தான் நீங்க 26 வருஷமா செஞ்சிருக்கீங்க, பேரை மட்டும் வாசிப்புன்னு வச்சிருக்கீங்க.

சாக்பீஸ்தூசி:
நான் செஞ்சதை நீங்க சொன்னதா ஆக்கிட்டீங்க. சபாஷ். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப நீங்க பொறந்திருந்தீங்களா? அந்த எபிங்ஹாஸ் தன்னைத்தானே ஒரே ஆளா வச்சுகிட்டு அர்த்தமில்லாத எழுத்தை மனப்பாடம் பண்ணவர், அவரைக் கொண்டுவந்து எனக்கு சாட்சி வைக்கறீங்க. மனப்பாடமே தப்புன்னு சொல்ற உங்களுக்கு மனப்பாடக்காரர்தான் சாட்சி!

மூணாம்பெஞ்ச்:
மனப்பாடம் தப்புன்னு நான் எங்க சொன்னேன்? ஒரு வரி காட்டுங்க.

ரெண்டுபிள்ளைக்காரி:
ஐயா, உங்க கதையில எனக்குத் தெரிஞ்சது வேற. தினமும் ஒருமணி நேரம் பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருக்கு. நாப்பது பேர் கிளாஸ்ல எந்த வாத்தியார் அப்படி உக்காருவாங்க? எம்பையனுக்கு யாரும் உக்காரல.

கணக்குப்பிசாசு:
அதேதான் மேடம். ப்ளூம்ங்கற கல்வி ஆராய்ச்சியாளர் 1984ல சொன்னது, தனியா ஒரு ஆள் சொல்லிக் குடுத்தா சராசரி பையன் சாதா கிளாஸ்ல 98 சதவீதம் பேரைத் தாண்டுவான்னு. பிறகு வந்த கணக்கெல்லாம் அவ்வளவு இல்லங்குது, வான்லேன்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் 2011ல அலசினப்ப, ப்ளூம் சொன்ன பலன்ல பாதிக்கும் குறைவாத்தான் வந்துது. இருந்தாலும் சின்ன பலன் இல்ல அது. ஆனா அதுக்கும் எந்த பையன்னு முதல்ல தெரிஞ்சாகணும், நான் கேட்டதே...

சாக்பீஸ்தூசி:
அம்மா, நாப்பது பேர் கிளாஸ்னு சொல்றீங்க, நான் பாத்தது அறுபது. வாத்தியாரை குறை சொல்றது ரொம்ப சுலபம். வீட்டுல டிவியை அணைச்சீங்களான்னு கேட்டா கோவம் வரும்.

ரெண்டுபிள்ளைக்காரி:
எங்க வீட்டுல டிவியே கிடையாது.

அரைத்தூக்கம்:
இதுக்கும் 83ன்னு சொல்லிடுங்க சார், முடிஞ்சுது

மூணாம்பெஞ்ச்:
சார், அந்த அக்காகிட்ட மன்னிப்பு கேளுங்க முதல்ல. அப்புறம் பேசலாம் நீர்நாயைப் பத்தி.

சாக்பீஸ்தூசி:
நான் பொதுவா சொன்னேன், யாரையும் குறிப்பிட்டு சொல்லல. மன்னிப்புன்னு பேசறவர் முதல் பதிவுல "ஒருத்தர்"னு எழுதினதுக்கு என்ன செய்யப்போறார்? நாளைக்கு என் பழைய மாணவன் ஒருத்தனை இங்க எழுதச் சொல்றேன், அவன் சொல்லட்டும் எத்தனை தடவை வாசிச்சான்னு.

மூணாம்பெஞ்ச்:
வரட்டும் சார். வந்ததும் புக்கை மூடிட்டு எழுதச் சொல்லுங்க.

சாக்பீஸ்தூசி:
83.

கணக்குப்பிசாசு:
நாலு வகை பையன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தேன், மேல இருக்கு.