பூட்டு போட்ட இல்லத்தில் உங்கள் வீட்டு ஆள் இருந்ததுண்டா?

மேலூர்க்காரன்: என் தம்பிக்கு 31 வயது, அறிவு வளர்ச்சி குறைவு, ஐ.க்யூ. 60ஐ ஒட்டி. பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன். எவனோ ஏத்திவிட்டு ஒரு வைக்கோல் படப்புக்குத் தீ வைத்துவிட்டான். ஊர்க்கூட்டம், ஸ்டேஷன் எல்லாம் முடிந்து, திருப்பத்தூர் ரோட்டில் ஒரு இல்லத்தில் விட்டோம். முதல் மாதம் பார்க்கப் போனால், முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஹாரன். "காரைக்குடி வண்டிண்ணே, இன்னைக்கு லேட்டு" என்றான். கையில் வாட்ச் இல்லை, வெறும் வெள்ளைத் தடம். சேர்த்த அன்றைக்கே கழற்றி வாங்கிவிட்டார்களாம். எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நைட் டூட்டி: இரண்டு வருஷம் அப்படி ஓர் இடத்தில் இரவுக் காவல் பார்த்தேன். ஒருநாள் சாவிக்கொத்தை ஜன்னல் திட்டிலேயே விட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டேன். விடிகாலையில் உள்ளே இருப்பவர் ஒருவர் தோளைத் தட்டி, "சார், சாவிய விட்டுட்டீங்க, பெரிய சார் திட்டுவாரு" என்று நீட்டினார். வந்து ஆறு வருஷம் ஆனவர். அன்றைக்கு ராத்திரியும் அவரை உள்ளே வைத்துப் பூட்டினேன்.

திருமங்கலம் அக்கா: மேலூர்த் தம்பி, வாட்ச் போனது சரி, படப்பு போனவன் மாட்டுக்கு எதைப் போட்டானாம்? என் மகளும் ஒன்பது மாதம் இருந்தாள், உடம்பு தேறித்தான் வந்தாள். எல்லா இடமும் ஜெயில் இல்லை. ஆனால் ஒன்று, 2017 மனநலச் சட்டம் வெறும் அறிவு வளர்ச்சிக் குறைவை மனநோயில் சேர்க்கவே இல்லை. எந்தக் காகிதத்தை வைத்துப் பூட்டுகிறார்கள் என்று கேளுங்கள். 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்துச் சங்கிலியோடு 28 பேர் வெந்து செத்தார்களே, தீப்பிடித்தால் கதவை யார் திறப்பது என்றும் கேளுங்கள். 18 வயது தாண்டினால் அண்ணன் என்பதாலேயே நீங்கள் காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கும் கமிட்டியில் மனுப் போடணும். டாக்டர் சர்டிபிகேட், ஆதார், போட்டோ எல்லாம் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். கையெழுத்துப் போடுகிற முன்னால் தம்பியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், அவனுக்குப் புரியும்.

மேலூர்க்காரன்: படப்புக்கு வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டியாச்சு அக்கா. மனு விஷயம் நான் கேட்கவில்லை, ஆனாலும் குறித்துக்கொண்டேன். நைட் டூட்டி அண்ணே, சாவி கொடுத்தவர் இப்போதும் அங்கேதானா?

நைட் டூட்டி: தெரியாது தம்பி. அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டேன்.